நாலு அங்குலத்துக்கு உட்பட்ட புகை

எண்ணூருக்குப் போகிற சாலையில் மூன்று மாடி, முப்பத்திரண்டு மின்விசிறி, ஒரே ஒரு காந்தம் ஆகியவற்றோடு இயங்கிவருகிறது வாகனப் புகைக்குழாய் உலோகத் தேர்வு வாரியம். பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் விழுந்துவிடும் என்பதால் ஜனங்கள் அதைக் குழாய் ஆபீஸ் என்கிறார்கள். காரோ வேனோ, அதன் புகை வெளியேறும் குழாயை இன்ன உலோகத்தில்தான் போடலாம் என்று முடிவு செய்வது இந்த வாரியத்தின் வேலை. அதை வண்டிக்காரரே முடிவு செய்யக் கூடாதா என்று யாரும் கேட்டுவிடாமல் இருக்க வரவேற்பறையில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள்: 'வண்டிக்காரருக்கு உலோகங்கள் மீது விருப்பு வெறுப்பு இருக்கும். வாரியத்துக்கு எதன் மீதும் எதுவும் கிடையாது.'

தலைவரின் அறை மூன்றாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நெட்டை நெட்டையாகப் புகைபோக்கிகள் நிற்கும். அவை விடுகிற புகையில் காக்கைகள் தும்முவதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் தலைவரின் நாற்காலி ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போடப்பட்டிருக்கிறது. காரணம், வாரியத்தின் அதிகாரம் நாலு அங்குல விட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேற்பட்ட குழாய்கள் எல்லாம் விதிப்புத்தகத்தின் பின்னிணைப்பில் 'இயற்கைக் காட்சிகள்' என்ற தலைப்பின் கீழ் வருகின்றன.

இப்பேர்ப்பட்ட வாரியத்தின் வாசலுக்கு, ஆகஸ்ட் மாதத்து வெயிலில், சடையங்குப்பம் எழில்மொழி தன் பழைய டீசல் அம்பாசடரோடு வந்து சேர்ந்தாள். அவளுக்கு வேண்டியது இரண்டு அங்குல விட்டத்தில் ஒரு குழாய். அவ்வளவுதான்.

அந்தக் குழாய்க்குப் பின்னால் ஒரு மனிதன் இருந்தான். அவள் புருஷன் செங்குட்டுவன். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்ட பிறகு ஸ்டியரிங்கை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டுக்கு வந்துவிட்டான். செவ்வாயும் வெள்ளியும் காலை பதினோரு மணிக்கு அவன் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கிற எந்திரத்தின் பக்கத்தில் படுத்தாக வேண்டும். கூடவே பக்கத்து வீட்டுப் பவுனம்மாளும். போன வருஷ மழையில் சடையங்குப்பம் வழக்கப்படி மிதந்தபோது, அம்பாசடர் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு முறை இருமி நின்றுவிட்டது. பின்னால் இருந்த புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் என்ஜினுக்குள் குடியேறிவிட்டது. இரண்டு முறை ஆஸ்பத்திரி தவறியது. செங்குட்டுவனின் கால் இரண்டும் தூண்போல வீங்கின. மூன்றாவது முறையும் தவறியிருந்தால் இந்தக் கதைக்கு அவன் தேவைப்பட்டிருக்க மாட்டான்.

தண்ணீர் வடிந்ததும் எழில்மொழி தண்டையார்பேட்டை மஜீது பாய் பட்டறைக்குப் போனாள். சைலன்சர் வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை. குழாயின் சத்தத்தைக் கேட்டே அதன் வயதைச் சொல்வார். குடித்தனம் எப்படி இருக்கிறது என்றுகூடச் சொல்வார் என்பார்கள்.

"காத்து இழுக்குற குழாய ஏற்கெனவே மேல ஏத்திட்டேன் பாய். பொகை வுடுறதயும் மேல ஏத்தணும். டிராக்டருக்கு கீது பாரு, அந்த மாதிரி, கூரைக்கு மேல ஒரு அடி."

"ஏத்திடலாம் மா. எதுல ஏத்துறதுன்றதுதான் பேஜாரு" என்றார் மஜீது. "சாதா இரும்புல போட்டேன்னு வையி, உங்க ஊரு உப்புக் காத்துக்கும் சாம்பலுக்கும் எட்டு மாசம் தாங்காது. அடுத்த மழைக்கு கரெக்டா ஓட்ட வுழுந்துடும். துத்தநாகம் பூசுன ஜி.ஐ. வேணாம். அது தண்ணிக் குழா. சூடேறுனா வெசப் பொகை. வெல்டு வெக்கும்போதே நான் படுத்துடுவேன்."

"எவர்சில்வரு, எஸ்.எஸ்.?"

"எஸ்.எஸ்.லயே ரெண்டு கீது. எரநூத்தி ரெண்டுன்னு ஒண்ணு. பாக்க பளபளன்னு கல்யாண மாப்ள மாதிரி இருக்கும். ஆறே மாசத்துல சுயரூபம் தெரியும். முந்நூத்தி நாலு போட்டா பேரன் காலத்துக்கும் நிக்கும். ஆனா நான் சொல்றத நம்பாத. ஊரு தண்ணியக் கேளு."

இது மஜீதின் பழக்கம். நாலு வகைக் குழாயிலும் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஓட்டை போட்டு, செம்புக் கம்பியில் கோத்துக் கொடுத்துவிடுவார். வண்டிக்காரர் தன் வீட்டுப் பக்கத்தில் எந்தத் தண்ணீர் வந்து வண்டியை நனைக்குமோ, அந்தத் தண்ணீரில் பதினைந்து நாள் தொங்கவிட வேண்டும். காசிமேட்டுக்காரர் கடலில், வியாசர்பாடிக்காரர் கால்வாயில். எழில்மொழி தன் வீட்டுக்குப் பின்னால் எப்போதும் தேங்கியே கிடக்கும் நீரில் தொங்கவிட்டாள். பதினைந்தாம் நாள் தூக்கிப் பார்த்தால் சாதா இரும்பு டீயில் ஊறிய பொறை போல இருந்தது. ஜி.ஐ. வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது. இருநூற்றிரண்டின் முகத்தில் பழுப்பு மச்சங்கள். முந்நூற்று நாலு மட்டும், கழுவி எடுத்த ஸ்பூன் மாதிரி எழில்மொழியின் முகத்தையே அவளுக்குக் காட்டியது.

"இத்தயே போடு பாய்" என்றாள்.

மஜீது பட்டறைச் சுவரைக் காட்டினார். அங்கே வாரியத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வாரியத்தின் ஆணை இல்லாமல் எந்த வண்டியின் குழாய் உலோகத்தையும் மாற்றினால் பட்டறைக்குச் சீல்.

அப்படித்தான் அவள் வரிசையில் நின்றாள்.

மூன்றாம் பிரிவு உதவியாளர் தமன்னா நல்ல பெண். நாற்பத்தோரு கேள்விகள் கொண்ட படிவத்தை எல்லோருக்கும் தானே பொறுமையாக நிரப்பிக் கொடுப்பாள்.

"பதினாலாவது கேள்வி. வாகனத்திலிருந்து புகை வெளியேறக் காரணம்?"

"வண்டி ஓடுது மா."

"அப்படி எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்கக்கா. 'தவிர்க்க இயலாத சூழ்நிலை'ன்னு போட்டுடறேன். பதினைஞ்சு. பழைய குழாய்க்கு மாற்றத்தில் ஆட்சேபணை உண்டா?"

"யாருக்கு?"

"குழாய்க்குக்கா."

எழில்மொழி வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தாள். "கேட்டேன். ஒண்ணியும் சொல்லல."

"மௌனம்னு போட்டுக்கறேன். பதினாறு. மாற்றம் கோரும் காரணம்?"

"மழ வந்தா எங்க ஊரு முழுவிடும். எங்க ஊட்டுக்காரர ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும். போவலைன்னா செத்துடுவாரு."

தமன்னா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருத்தத்தோடு பார்த்தாள். "வெள்ளம் எங்க செக்‌ஷன் இல்லக்கா. சாவும் இல்ல. 'அழகியல்'னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் பண்ணவா?"

டிக் செய்தார்கள். செங்குட்டுவன் உயிரோடு இருப்பது இவ்வாறு அழகியல் காரணங்களுக்காக விண்ணப்பிக்கப்பட்டது.

மூன்று வாரம் கழித்து உலோக அமர்வு கூடியது. தலைவருக்கு இருபுறமும் நாலு உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் ஒரு உலோகத்தின் பிரதிநிதி. சாதா இரும்பு உறுப்பினர், அலுமினியம் பூசிய இரும்பு உறுப்பினர், துருப்பிடிக்காத எஃகு உறுப்பினர், டைட்டானியம் உறுப்பினர். எழில்மொழி தன் கம்பியில் கோத்த நாலு துண்டுகளை மேசைமேல் வைத்தாள்.

"என்ன இது?" என்றார் தலைவர்.

"எங்க ஊட்டாண்ட தண்ணியில பாஞ்சு நாளு தொங்கவுட்டது சார். எது தாங்குது, எது தாங்கலன்னு உங்களுக்கே தெரியும்."

தலைவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையும் வாரியம் ஒதுக்கிக் கொடுத்ததுதான். "அம்மா, தண்ணீரில் ஊறவைத்துப் பார்ப்பது விஞ்ஞானம் அல்ல. அது சமையல்."

சாதா இரும்பு உறுப்பினர் எழுந்து, இரும்பு இந்த நாட்டை எப்படிக் கட்டியது என்று நாற்பது நிமிஷம் பேசினார். துருப்பிடிப்பது இரும்பின் குறை அல்ல, அதன் அடக்கம் என்றார். அலுமினியம் பூசியவர் தமது நிலைப்பாடும் அதேதான், ஆனால் மேலே ஒரு பூச்சு இருக்கிறது என்றார். துருப்பிடிக்காத எஃகு உறுப்பினர் தூங்கிக்கொண்டிருந்ததால் அவருடைய கருத்து கறைபடாமல் இருந்தது. டைட்டானியம் உறுப்பினர் மட்டும் மிகவும் உருக்கமாகப் பேசினார்.

"நான் பதினோரு ஆண்டுகளாக டைட்டானியத்தின் பிரதிநிதி. இன்றுவரை அதை நான் பார்த்ததில்லை. பார்க்காததால்தான் அதைப் பற்றி நடுநிலையோடு பேச முடிகிறது."

கைதட்டினார்கள்.

"சார்" என்றாள் எழில்மொழி. "ரெண்டு இஞ்சு குழா சார் அது. அங்க பின்னால பாருங்க, எம்மாம் பெரிசு நின்னுகினு கீது. அத்த யாரும் எதுல செஞ்சேன்னு கேக்கல. நானும் நாலு அடி அகலத்துக்குப் போட்டுக்கினா, நீங்க கேக்க மாட்டீங்க இல்ல?"

தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலி திரும்புகிற ரகமும் இல்லை. "நாலு அடி என்றால் அது வாகனம் ஆகாதம்மா. தொழில் வளர்ச்சி ஆகிவிடும். அதற்கு நாங்கள் பூங்கொத்துதான் கொடுக்க முடியும்."

பிறகு, உலோகத்தை மாற்ற வேண்டுமானால் முதலில் இப்போது இருப்பது என்ன உலோகம் என்று நிறுவ வேண்டும், அதை நிறுவ வேண்டியது காந்தம், வெள்ளிக்கிழமை ஒன்பது மணி என்று தீர்மானம் ஆயிற்று.

வாரியக் காந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்பை அது இழுக்கும், நல்ல எஸ்.எஸ்.ஸை இழுக்காது என்பது ஊரில் பழைய இரும்பு எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வாரியம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கௌரவப்படுத்தியிருந்தது. காந்தம் சிவப்பு வெல்வெட் தட்டில் இருக்கும். அதைத் தூக்க இரண்டு பேர், குடை பிடிக்க ஒருவர். வானத்திலிருந்து விழும் சாம்பல் காந்தத்தின் மேல் படக் கூடாது அல்லவா. ஒவ்வொரு வெள்ளியும் கண்காணிப்பாளர் அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அதன் தலைமேலேயே ஒரு கட்டி சூடத்தை ஏற்றிக் காட்டுவார். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து பதினோரு ஆண்டுகளாக ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. காந்தத்தின் தலை தோசைக்கல் மாதிரி கறுத்துப்போயிருந்தது.

அன்றும் ஏற்றினார்கள். எல்லோரும் எழுந்து நின்று தொட்டுக் கும்பிட்டார்கள். மூன்று மாடி இறங்கி, குடையோடும் தட்டோடும் ஊர்வலம் அம்பாசடரின் பின்பக்கம் வந்து சேர்ந்தது. எழில்மொழியின் பழைய குழாய் செங்கல் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டாலே உதிரும். கண்காணிப்பாளர் காந்தத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். கையை எடுத்தார்.

காந்தம் தொப்பென்று மண்ணில் விழுந்தது.

மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறையும் விழுந்த பிறகு தலைவர் கையை உயர்த்தினார். "காந்தம் மறுத்துவிட்டது. ஆகவே இது துருப்பிடிக்காத எஃகு. எழுதிக்கொள்ளுங்கள்."

எழில்மொழி குழாயைத் தடவிவிட்டு உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். கை முழுக்கச் செம்பழுப்பாக இருந்தது. "இது இன்னா சார்?"

"இது கை."

"கையில இன்னா கீது?"

"அம்மா, துரு என்பது பார்ப்பவர் மனநிலையைப் பொறுத்தது. கண் தவறலாம், கை தவறலாம். பதினோரு ஆண்டுகளில் வாரியக் காந்தம் ஒருமுறைகூடத் தவறியதில்லை. இதுவரை அதன் முன் வந்த எந்தக் குழாயும் இரும்பு என்று நிரூபணமானதே இல்லை. இந்த வட்டாரத்தில் இரும்பை நாங்கள் முழுமையாக ஒழித்துவிட்டோம்."

ஆணை கையோடு தரப்பட்டது. உலோக மாற்றம் தேவையில்லை, விண்ணப்பம் தள்ளுபடி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மணலி டாங்கர் லாரிகள் தோண்டி வைத்த முதல் பள்ளத்திலேயே அந்தத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் கழன்று விழுந்து நாலு துண்டாக உடைந்தது. எழில்மொழி இறங்கிப் பார்த்தாள். அழவில்லை. அழுதால் அதுவும் எந்த செக்‌ஷனிலும் சேராது.

பின் சீட்டில் செங்குட்டுவன் ஆணையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். "எழிலு, இங்க வா. இன்னா எழுதிக்கினு கீறானுங்க பாரு."

"பாத்தேன்யா. தள்ளுபடி."

"அதுக்குக் கீழ படி."

அவள் வாங்கிப் படித்தாள். 'மேற்படி வாகனத்தின் புகைக்குழாய் துருப்பிடிக்காத எஃகினால் ஆனது என்று வாரியக் காந்தத்தால் ஐயமின்றி நிறுவப்பட்டது. அந்தத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயைக் கழற்றவோ, தடுக்கவோ, சந்தேகிக்கவோ எவருக்கும் உரிமையில்லை.' கீழே தலைவர் கையெழுத்து, நாலு உறுப்பினர் கையெழுத்து, சிவப்பு முத்திரை.

இரண்டு முறை படித்தாள். சாலையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். "நீ ஆஸ்பத்திரியில எறங்கிக்கோ" என்றாள். "நான் பாயாண்ட போய்ட்டு வரேன்."

மஜீது ஆணையைக் கண்ணாடி போட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் படித்தார். "அப்ப நான் எந்த உலோகத்தையும் மாத்தல. வாரியம் எஸ்.எஸ்.ன்னு சொன்னதுக்கு எஸ்.எஸ்.ஸே வெக்கிறேன். அவுங்க சொன்ன வார்த்தைய உண்மையாக்குறேன். புண்ணியம்தான் மா இது."

"நெட்டுக்கா நிக்கணும் பாய்."

"படுத்துகினு இருக்கணும்னு இதுல எங்கயும் எழுதல."

சாயங்காலத்துக்குள் முந்நூற்று நாலு ரகத்தில் ஏழு அடிக் குழாய் அம்பாசடரின் இடப்பக்கம் ஏறி, கூரைக்கு மேல் ஒரு அடி தலையை நீட்டிக்கொண்டு நின்றது. வேலை செய்துகொண்டே மஜீது காந்தக் கதையைக் கேட்டார். சூடம் வந்த இடத்தில் வெல்டிங்கை நிறுத்தினார்.

"எங்க ஏத்துனாங்க? பக்கத்துல தட்டுலயா?"

"தட்டுல இல்ல. அதும் தலையிலயே."

மஜீது அப்படியே டயர்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "காந்தத்துக்குச் சூடு காட்டுனா செத்துடும் மா. அத்த நான் அடுப்புப் பக்கம்கூட வெக்கமாட்டேன். பதினோரு வருசமா வாரா வாரம் கொளுத்திகினு கீறாங்களா? அது எப்பவோ மௌத்தாயிடுச்சு. பொணத்த வெச்சு ஆபீஸு நடத்துறாங்க." எழுந்து போய், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய முஷ்டியளவுக் காந்தத்தை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். "இது உசுரோட கீது. வெச்சிக்கோ. எப்பனா தேவைப்படும்."

ஒரு மாதம் வண்டி ராஜநடை போட்டது. திருவொற்றியூரில் ஒரு போக்குவரத்து ஆய்வாளர் நிறுத்தி, ஆணையைப் படித்து, குழாயைத் தட்டிப் பார்த்து, ஆணியால் கீறிப் பார்த்து, அசல் எஸ்.எஸ்.தான் என்று கண்டு வியந்து போனார். வியந்ததோடு நின்றிருக்கலாம். தம் வாழ்நாளில் வாரியம் சொன்னதும் வண்டியில் இருந்ததும் ஒன்றாக இருந்தது இதுவே முதல் முறை என்று வாரியத்துக்குப் பாராட்டுக் கடிதம் எழுதிவிட்டார்.

வாரியம் பதறிப்போனது. உண்மையாகிவிட்ட ஆணையை என்ன செய்வது என்று விதிப்புத்தகத்தில் இல்லை. எழில்மொழிக்கு நோட்டீஸ் பறந்தது: விசாரணைக்கு நேரில் வர வேண்டும், குழாயைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும், தவறினால் வண்டி பறிமுதல். நாள்: நவம்பர், இரண்டாம் செவ்வாய், காலை ஒன்பதரை.

அன்றைக்கு மழை மூன்றாம் நாளாகப் பெய்துகொண்டிருந்தது. சடையங்குப்பத்தில் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, அம்பாசடர் இருந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, கூரைக்கு மேல் குபுகுபுவென்று புகைவிட்டபடி அது வாரியத்தின் வளாகத்துக்குள் நுழைந்தபோது அங்கேயும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வாரியத்தின் ஜீப், துருப்பிடிக்காததாக நிறுவப்பட்ட தன் குழாயைத் தண்ணீருக்குள் வைத்துக் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது.

"என்ஜினை ஆஃப் பண்ணாத" என்றாள் எழில்மொழி, செங்குட்டுவனைப் பார்த்து. அவன் கணுக்கால்கள் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தன. பக்கத்தில் பவுனம்மாள் மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தாள்.

"லேட்டாவுமா?" என்றான் அவன்.

"பத்து நிமிஷம். அதுக்கு மேல இவுங்களாண்ட பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல."

மூன்றாம் மாடியில் அமர்வு தயாராக இருந்தது. தலைவர் ஆரம்பித்தார். "நீங்கள் இந்த வாரியத்தை ஏமாற்றி, உண்மையான துருப்பிடிக்காத எஃகைப் பொருத்தியிருக்கிறீர்கள்."

"நீங்க எஸ்.எஸ்.னு எழுதுனீங்க. அது எஸ்.எஸ்.ஸுதான். இதுல ஏமாத்துனது யாரு சார்?"

"நாங்கள் எழுதியது பழைய குழாயைப் பற்றி."

"பழசு எஸ்.எஸ்.ஸா?"

"ஆம்."

"அப்ப எஸ்.எஸ்.க்கு எஸ்.எஸ்.தான் வெச்சேன். எத்த மாத்தினேன்?"

தலைவர் உறுப்பினர்களைப் பார்த்தார். உறுப்பினர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். "குழாயை ஒப்படையுங்கள்" என்றார் தலைவர். "ஆராய வேண்டியிருக்கிறது. மூன்று மாதம் ஆகலாம்."

"அதுக்குள்ள எங்க ஊட்டுக்காரரு போய்டுவாரு சார்."

"அது எங்கள் செக்‌ஷன்..."

"தெரியும்" என்றாள் எழில்மொழி. பையிலிருந்து மஜீதின் காந்தத்தை எடுத்தாள். தலைவருக்குப் பின்னால் வெள்ளி வண்ணம் அடித்த பெரிய அலமாரி ஒன்று நின்றது. அதன் நெற்றியில் பித்தளை எழுத்தில், 'துருப்பிடிக்காத எஃகு. வாரியக் காந்தத்தால் சோதிக்கப்பட்டது'. இதே போல நாற்காலிகளுக்கும் மேசைக்கும் எழுதியிருந்தது. எல்லாவற்றின் கால்களிலும் பழுப்பாக ஏதோ ஒழுகியிருந்தது. அதுவும் பார்ப்பவர் மனநிலையைப் பொறுத்ததுதான்.

காந்தத்தை அவள் நீட்டியதுதான் தெரியும். அது கையிலிருந்து பாய்ந்து போய் அலமாரியில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அந்தச் சத்தத்தில் துருப்பிடிக்காத எஃகு உறுப்பினர் விழித்துக்கொண்டார்.

"அந்தப் பொருளை எடுங்கள்" என்றார் தலைவர், மெதுவாக.

"நீங்களே எடுங்க. உங்க காந்தத்த எடுத்தாந்து இழுத்துப் பாருங்களேன்." அவள் குரல் உயரவில்லை. "நான் ஒண்ணு கேக்குறேன், எழுதிக் குடுங்க போதும். இந்த அலமாரி இரும்பா, எஸ்.எஸ்.ஸா? இரும்புன்னா உங்க காந்தம் செத்துப்போச்சு. அது எழுதுன அத்தினி ஆர்டரும் குப்ப. நீங்க ஒக்காந்துகினு கீற நாற்காலிக்கும் சேத்துதான். எஸ்.எஸ்.னா, என் குழாயும் எஸ்.எஸ்.தான். நான் கெளம்புறேன், மணியாவுது."

டைட்டானியம் உறுப்பினர் தொண்டையைச் செருமினார். "ஒருவேளை அலமாரி டைட்டானியமாக இருக்கலாம்" என்றார். "நான் பார்த்ததில்லை என்பதால் மறுக்க முடியாது."

அவரைத் தவிர யாருக்கும் அது ஆறுதலாக இல்லை. தலைவர் எழுந்து நின்று, வாழ்க்கையில் முதன்முறையாகப் பின்னால் திரும்பினார். அலமாரியைப் பார்த்தார். அதற்கு அப்பால் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இயற்கைக் காட்சிகள் புகைந்துகொண்டிருந்தன. கீழே, தண்ணீர் நடுவே, அம்பாசடரின் மெல்லிய குழாய் அண்ணாந்து பார்த்தபடி புகைவிட்டது. அவர் சட்டென்று பழையபடி உட்கார்ந்துகொண்டார்.

"வாரியக் காந்தத்தின் முடிவு இறுதியானது" என்று எழுதச் சொன்னார். "நோட்டீஸ் திரும்பப் பெறப்படுகிறது."

தமன்னா அடித்த அடியில் முத்திரை தாளைத் தாண்டி மேசையிலும் பதிந்தது. எழில்மொழி தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இது..." என்று கண்காணிப்பாளர் அலமாரியைக் காட்டினார்.

"அது அங்கயே இருக்கட்டும் சார். மறுபடி நோட்டீஸு வந்தா, வந்து எடுத்துக்கறேன்."

படியிறங்கும்போது மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. பின் சீட்டில் செங்குட்டுவன் எட்டிப் பார்த்தான். "இன்னா எழிலு, குழாயப் புடுங்கிக்கினாங்களா?"

"ஒண்ண வுட்டுட்டு வந்துகீறேன். காலத் தூக்கி சீட்டுமேல வெய்யி."

கிளட்சை விட்டாள். அம்பாசடர் ஒரு குலுக்குக் குலுக்கி, வாரியத்தின் மூன்றாம் மாடியை நோக்கி ஒரு முழுக் கறுப்புப் புகையை ஊதிவிட்டு, ஜீப்பைச் சுற்றிக்கொண்டு சாலைக்கு ஏறியது. பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே இருவரும் எந்திரத்துப் பக்கத்தில் படுத்தாகிவிட்டது. அந்த வருஷம் மழைத்தண்ணீர் பதினெட்டு நாள் வடியாமல் நின்றது. ஒரு செவ்வாயும் தவறவில்லை, ஒரு வெள்ளியும் தவறவில்லை.

காந்தம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் அது ஒட்டிக்கொண்டிருப்பதாகக் கோப்பில் ஒப்புக்கொள்ள வேண்டும். வாசலில் 'வெளிக்காந்தங்கள் உள்ளே அனுமதிக்கப்பட மாட்டா' என்று புதுப் பலகை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கண்காணிப்பாளர் ஸ்டூல் போட்டு ஏறி, அதன் தலைமேலும் ஒரு கட்டி சூடம் ஏற்றுகிறார். இதுவும் ஒருநாள் செத்து விழும் என்பது வாரியத்தின் நம்பிக்கை. பதினோரு வருஷத்தில் விழுந்தாலும் விழும்.

மஜீது பட்டறையில் இன்னும் இருபத்தாறு பழைய ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. இப்போதெல்லாம் நாலு குழாய்த் துண்டுகளோடு, கேட்கிறவர்களுக்குக் காந்தமும் கொடுத்தனுப்புகிறார்.